இடது கால்

ஹவுள் படிக்கட்டில் மூன்றாவது கல் குழிந்திருக்கும்.
எத்தனை பேர் உட்கார்ந்து எழுந்த குழியோ.
அசருக்கு முந்தின வெயிலில்
அதில் ஒரு கை நீர் தேங்கி
தூணின் வாழைப்பூவைத் தலைகீழாய் ஆட்டும்.
வந்த நாள்முதல் அங்கேதான் உட்காருகிறேன்.
இன்றோடு பதினோரு நாள்.

நீயத்து வைத்தாயிற்று.
மணிக்கட்டுவரை மும்முறை.
விரலிடுக்கில் டீசல் வாடை இல்லை, அதுவே புதுசு.
வாயில் உவர்ப்பு:
இந்த ஊர்க் கிணறுகளுக்கெல்லாம் கடல்தான் தாய்மாமன்.
முகம் கழுவக் குனிந்தால்
ஒரு கெண்டை மேலே வந்து
என் நரைத்த தாடியைக் கலைத்துவிட்டுப் போகிறது.

பக்கத்தில் மதரஸாப் பையன்
முழங்கைக்கு ஊற்றுகிறான், ஊற்றுகிறான்.
ஏழு குவளை. எட்டு.
எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அங்கே
விடியலில் கம்பிக் கதவுக்கு அடியில்
ஆளுக்கு ஒரு தகரக் குவளை தள்ளுவார்கள்.
குடிக்க, கழுவ, எல்லாத்துக்கும் அதுதான்.
தயம்மும் செய்யலாமென்றால்
சுவரெல்லாம் எண்ணெய்ச் சாயம், தூசி ஒட்டாது.
முகம். இரண்டு கை.
தலையில் மூன்று முடிக்கு ஈரம்.
வலது கால்.
அத்தோடு குவளை தீர்ந்துவிடும்.

சவேரியான்,
பாம்பன்காரன், எங்கள் போட்டு டிரைவர்,
சிலுவை போட்டு முடித்துவிட்டுத்
தன் குவளையோடு நகர்ந்து வருவான்.
"இடக்காலு என்னப்பா பாவம் பண்ணுச்சு, நீட்டு."
பாதிக் குவளை.
கரண்டையிலிருந்து வழிவதைத்
தன் கையில் ஏந்தி
அதே ஈரத்தால் முகத்தைத் துடைத்துக்கொள்வான்.

சுக்கான் பிடித்தவனுக்குத் தண்டனை கூடுதல் என்றார்கள்.
எங்களை விட்டார்கள்.
அவன் உள்ளே.

நேற்று பிரிசில்லா பஸ் ஏறி வந்திருந்தாள்.
வாசலிலேயே நின்று கேட்டாள்,
அவரு எப்படிண்ணே இருக்காரு.
நல்லா இருக்கான் என்றேன்,
மும்முறை கொப்பளித்த வாயால்.

எல்லை தாண்டிய அந்த இரவு
சுக்கான் என் கையில் இருந்தது.
அவன் ஐஸ்பெட்டி மேல் சாக்கைப் போர்த்தித்
தூங்கிக்கொண்டிருந்தான்.
கோர்ட்டில் டிரைவர் யார் என்று கேட்டபோது
நான் என் கையைப் பார்த்தேன்.
அவன் தன் கையைத் தூக்கினான்.

இதை அவளிடம் சொல்லவில்லை.
யாரிடமும் சொல்லவில்லை.

வலது கால் கழுவியாயிற்று.
ஹவுள் நிறையத் தண்ணீர்.
இந்த இடத்தில் ஒவ்வொரு வக்தும்
கை நின்றுவிடுகிறது.
பையனின் ஈரத் தடங்கள்
உள்பள்ளிப் பாயோரம்வரை போய் நிற்கின்றன.
மோதினார் தூணருகே தலையை நீட்டி
"சதக்கு, இக்காமத்து சொல்லப் போறேன்" என்கிறார்.

குவளையில் பாதி மட்டும் மொள்ளுகிறேன்.
ஊற்றுகிறேன்.
அடியில் என் கையையே வைத்துப் பார்க்கிறேன்.
நிற்கவில்லை,
விரலிடுக்கு வழியே ஒழுகி
ஓடைக்குள் போகிறது.

உள்ளே வரிசையை நேராக்கச் சொல்லும் குரல்.
ஒரு கால் ஈரம்.
இன்னொரு காலும் ஈரம்தான்.
ஒளு கூடிற்றா இல்லையா
என்று யாரிடம் கேட்பது,
பாம்பனுக்கு ஆறு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது.