நாற்பது எழுத்துக்குள்

ஆண்டு மலருக்கு
ஆளுக்கொரு வாழ்க்கை வாசகம் வாங்கி வரச் சொன்னார்கள்.
நாற்பது எழுத்துக்கு மேல் கூடாது,
படத்துக்குக் கீழே அவ்வளவுதான் இடம்.
கணிதம் மூன்றாம் ஆண்டு, ஐம்பத்திரண்டு பேர்.
என் கையில் ஒரு நீள நோட்டு,
மூடி தொலைந்த பேனா.

பதினெட்டுப் பேர் ஒரே வரியைக் கொடுத்தார்கள்,
போனைப் பார்த்து,
அதே எழுத்துப் பிழையோடு.
நாலு பேருக்குச் சிங்கம்.
ஒருத்தன் பைக் நம்பரை எழுதினான்.
ஜெபக்கனி கேட்டாள்,
"அம்மா படிப்பாவளா இத?"
படிப்பாள் என்றதும்
எழுதியதை அடித்துவிட்டுக்
கர்த்தர் துணை என்று போட்டாள்.
அடித்த வரி தாளின் பின்பக்கம் புடைத்திருந்தது.
நான் வாசிக்கவில்லை.
சரி, வாசித்தேன். சொல்ல மாட்டேன்.

மேலப்பாளையம் மீராள் பீவி
ராத்திரி எட்டிலிருந்து பத்தரை வரை பீடி சுற்றுகிறவள்.
"கட்டுக்கு இருபத்தஞ்சு.
ஒண்ணு குறைஞ்சாலும் கட்டு இல்ல."
விரல்விட்டு நான் எண்ணி முடிக்குமுன்
"இருபத்தேழு எழுத்து,
பதிமூணு பாக்கி இருக்கு, வச்சுக்க" என்றாள்.

முக்கூடல் தளவாய்
கேண்டீன் சுவரில் சாய்ந்தபடி சொன்னான்,
"சவத்தத் தள்ளு."
"எதைல?"
"ஏட்டி, அதான் என் வாசகம். எழுது."

துறைத்தலைவர் சிவப்பு மையால் சுழித்தார்.
மங்கலமான மலரில் சவமா?
மேலே அவரே எழுதினார்:
விடாமுயற்சி வெற்றி தரும்.
இரவல் சட்டை மாதிரி
தளவாய் முகத்துக்குக் கீழே
அது தொளதொளவென்று கிடந்தது.
அவன் பார்த்தான்,
டீயைக் குடித்து முடித்தான்.

என் பெயருக்கு நேரே ஒரு கோடு மட்டும்.
ஐம்பத்தொரு வரியை அடித்துவிட்டு
டிடிபி கடை அண்ணாச்சி
"நவமணி, ஒனக்கு என்னம்மா?" என்றார்.
நாளைக்கு என்றேன்.
மூன்று நாள், நாளைக்கு என்றேன்.

கார்த்திகை.
டவுன் அச்சகத்திலிருந்து மலர் வந்த அன்று
வானம் அப்படியே இறங்கியது.
ஈரடுக்குப் பாலத்துக்கு அடியில்
முட்டளவுத் தண்ணீரில்
லோடு ஆட்டோ இரண்டு தடவை இருமி, நின்றது.
தார்ப்பாயில் ஓட்டை.
டிரைவர் யாருக்கோ போன் போட்டுக்கொண்டே இருந்தார்.
பின்னால் ஜங்ஷன் பஸ்
ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.
நான் அழுதேன்.
மழைதானே, யாருக்குத் தெரியும்.

தளவாய் செருப்பைக் கழற்றி
ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தான்.
பேண்ட்டை மடித்தான்.
பின்பக்கம் போய்த் தோளைக் கொடுத்தான்.
"என்னட்டி நிக்க?
சவத்தத் தள்ளு!"

தள்ளினோம்.
புர்காவை ஒரு கையில் சுருட்டிக்கொண்டு மீராள்,
கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டு ஜெபக்கனி,
பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த
முன்பின் தெரியாத ரெண்டு பேர்.
விட்டுவிடு என்று
மூன்று வருடமாய் நான் புரிந்துவைத்திருந்த சொல்
தண்ணீரைக் கிழித்துக்கொண்டு
ஒரு சாண், ஒரு முழம்,
பிறகு சட்டென்று
எங்களைக் குப்புறத் தள்ளிவிட்டு
வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஓடியது.

எழுந்து முகத்தைத் துடைக்கையில்தான் நினைவு வந்தது.
ஒவ்வொரு அரியருக்கும்
அதையே சொல்லிவிட்டு
மறுநாள் காலை
பரீட்சைக் கட்டண வரிசையில்
முதல் ஆளாய் நின்றவன் இவன்.

கல்லூரி வராந்தாவில் மீராள் எண்ணினாள்.
பன்னிரண்டு கட்டு, கட்டுக்கு இருபத்தஞ்சு.
கடைசியில் ஏழு ஊறிப்போயிருந்தன.
"அப்போ அது கட்டு இல்ல"
என்று தனியே எடுத்து வைத்தாள்.

ஊறியதில் ஒன்று எனக்கு.
காய்ந்து அப்பளமாய் நெளிந்த நாற்பத்தோராம் பக்கத்தில்
சிவப்பு மைக்காரர் வரியை அடித்துவிட்டு
அவன் வரியை எழுதினேன்.
அடுத்த பக்கத்தில் என் படம்,
அதன் கீழே அச்சான கோடு.
அது இருக்கட்டும்.

செருப்பு
அந்த ஆட்டோவோடு போய்விட்டது.
வெறுங்காலோடு முக்கூடல் பஸ் ஏறினான்.
படியில் நின்றபடி
அவன் என்ன சொன்னான் என்று
நான் எழுத வேண்டியதில்லை.