பன்னிரண்டு வாரம்

அரசின் பதில் மனு நாலே பக்கம்.
தொட்டமரத்துப்பள்ளியிலிருந்து
ஆரம்ப சுகாதார நிலையம் எட்டு கிலோமீட்டர்.
காக்கையைக் கேட்டு எழுதியிருப்பார்கள்.

நடந்து பார்த்தேன்.
அஞ்செட்டியில் முதல் பஸ்ஸை விட்டிறங்கி
வனத்துறைச் சங்கிலியைத் தாண்டினால்
யானைச் சாணத்தில் இன்னும் ஆவி.
செல்போன் பதினாலு என்று காட்டியதும்
சிக்னல் போனது.
மிச்சத்தை முழங்கால் கணக்கெடுத்தது.

கெம்பம்மாளோடு பாதி வழி போய்
திரும்பி வந்த போர்வையை
ருத்ரப்பன் மடித்துத் தந்தான்.
பதிவகம் முணுமுணுத்தது, துணியெல்லாம் எதற்கு என்று.
சான்றாவணம் ஏழு, சீட்டு ஒட்டினேன்.
துவைத்திருந்தார்கள்.
ஐயோ, துவைத்துவிட்டார்களே என்றிருந்தது
வக்கீலுக்கு.
அப்புறம் வெகுநேரம்
யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

வாய்தா. வாய்தா.
அரசு வழக்கறிஞருக்குக் கண்வலி.
கோப்பு கிருஷ்ணகிரியில் இருக்கிறது,
கிருஷ்ணகிரியில் யாரிடம் என்பது
வேறொரு கோப்பில்.

போன வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது.
நர்ஸ் ஒருவர், வண்டி ஒன்று,
மழைக்குத் தாங்கும் பாதை,
பன்னிரண்டு வாரத்துக்குள்.
ரேஷன் கடை வாசலில் நின்று
சத்தமாகப் படித்தேன்.
என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

கைதட்டல் இல்லை.
சிக்கம்மா மட்டும்
ஒரு கையை வயிற்றில் வைத்து
மறு கையில் விரல் மடக்கினாள்.
"வக்கீலம்மா, எனக்கு ஒன்பதுதான் இருக்கு."

ருத்ரப்பன் என்னைப் பார்க்காமல் கேட்டான்:
கோர்ட்டிலிருந்து
அந்தப் போர்வையைத் திரும்ப வாங்க
எத்தனை நாளாகும்?