ஒன்றாம் ஆண்டு மல்லிகை

முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும்
இருபத்து மூன்று பேர் எழுந்து நின்று
‘வணக்கம் ஐயா’ என்றார்கள்.
நானும் வணக்கம் சொன்னேன்.
என் முதுகில் புத்தகப்பை,
அதில் டைனோசர் படம்.

பதின்மூன்று வயது எனக்கு.
மார்ச் வந்தால் பதினான்கு.
அம்மா சொல்வதுதான், தாள் கிடையாது.

நாற்காலி என்னைத் தாங்கியது.
மேசைதான் சம்மதிக்கவில்லை.
முழங்கால் இரண்டும் அடிப்பலகையில் முட்ட
நான் அசைந்தால் மேசையும் எழும்.
பக்கத்தில் ரிஷ்விதாவின் பென்சில் உருளும்.
ஒவ்வொரு முறையும் திட்டுவாள்.
திட்டி முடித்ததும்
தன் ரப்பரைப் பிய்த்துப் பாதி தருவாள்.

கணக்கில் ஐந்து மாம்பழம் வரும்,
இரண்டை யாரோ தின்றுவிடுவார்கள்.
எனக்கு ஜெலுத்தோங் பசார் ஞாபகம் வரும்.
கெம்போங் கிலோ பதினாறு வெள்ளி,
முக்கால் கிலோ பன்னிரண்டு,
ஐம்பது வெள்ளித் தாளுக்கு மீதி முப்பத்தெட்டு.
மூன்று வருஷம் மீன் வெட்டினேன்,
சில்லறை பிசகியதில்லை.
ஆனால் ஆறு எழுதச் சொன்னால்
செதில் எடுக்கிற பழக்கத்தில்
வாலிலிருந்து தொடங்குவேன்.
ஒன்பது வந்து நிற்கும்.

காலையில் சேர்ந்து படிப்போம்.
அ, ஆ, இ, ஈ.
இருபத்து மூன்று சிட்டுக்குருவி,
ஒரு லோரி.
‘ஊ’ வந்தபோது என் குரல் உடைந்து
பாதி மேலே போனது, பாதி கீழே விழுந்தது.
வகுப்பு சிரித்துச் சிரித்து ஓய்ந்த பிறகு
ரிஷ்விதா மெதுவாகக் கேட்டாள்:
‘இன்னொரு தடவை செய்யேன்.’

கோகிலனும் என்னோடு சேர்ந்தவன்தான்.
பதினைந்து வயது.
பந்து கூரையில் மாட்டிக்கொண்டால்
பள்ளி முழுதும் அவனைத்தான் தேடும்.
வகுப்புப் படம் எடுத்த அன்று
தரையில் உட்காரச் சொன்னார்கள்.
உட்கார்ந்தும் உயரமாகவே இருந்தான்.
நோன்புப் பெருநாள் லீவுக்குப் பிறகு வரவில்லை,
பாயான் பாருவில் கார் கழுவுகிறான்.
போன வாரம், கையெல்லாம் நுரை,
‘எந்த எழுத்து வரைக்கும்டா வந்துட்ட?’ என்றான்.
‘ஞ’ என்றேன்.
‘அது கஷ்டமாச்சே.’
அவன் முகத்தில் கேலியே இல்லை.

மலாய் எனக்கு வேகமாக வருகிறது.
பேச்சு பசாரிலேயே வந்துவிட்டது,
எழுத்துதான் பாக்கி.
சாமி படத்துக்குப் பின்னால்
பதிவிலாகாக் கடிதம் ஒன்று
இரண்டு வருஷமாக இருக்கிறது.
‘பொறுத்திருக்கச் சொல்லியிருக்காங்க’ என்று
யாரோ படித்துச் சொன்னார்களாம்.
நேற்று ராத்திரி
ரைபிள் ரேஞ்ச், ஒன்பதாம் மாடி,
நடைவழி விளக்கில் நின்று
ஒவ்வொரு எழுத்தாக எடுத்தேன்.
டி. தோ. லாக்.
சேர்த்தேன். மறுபடி பிரித்தேன்.

தெரிந்த சொல்தான்.
பசாரில் நாளெல்லாம் வாயில் கிடந்தது:
ஐம்பது தோலாக் பன்னிரண்டு, முப்பத்தெட்டு.
கெட்டுப்போன மீனை லோரிக்கே திருப்பும்போது
தவுக்கே கத்துவதும் இதைத்தான்.
கடிதத்தில் மீதி எவ்வளவு என்று
எங்கேயும் போடவில்லை.
கீழே ஒரு முத்திரை,
ஈரம் காயுமுன் யார் விரலோ பட்டு
கொஞ்சம் கலங்கி இருந்தது.

‘என்னடா போட்டிருக்கு?’
அம்மா என் நீலக் கால்சட்டையின் மடிப்பைப்
பிரித்துக்கொண்டிருந்தாள்,
இன்னும் ஓர் அங்குலம் கிடைக்குமா என்று.

‘பொறுக்கச் சொல்லித்தாம்மா.’
குரல் உடையவில்லை, ஆச்சரியம்.

அவள் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.
என்னை நிமிர்ந்து பார்த்து
‘படிச்சுட்டியே’ என்றாள்.