ஆமை புகுந்த வீடு

ஆகஸ்ட் பதின்மூன்று காலை
ஃபோஸ்கோ இரண்டு சட்டை, சவரக்கத்தி,
மஞ்சளும் கருநீலமுமான அந்தக் கழுத்துத் துணி
எல்லாம் எடுத்துக்கொண்டு
தன் அம்மா வீட்டுக்குப் போனான்.
சண்டை இல்லை.
பந்தயத்துக்குப் பந்தயம்
சியேனாவில் நாங்கள் இப்படித்தான்,
நான்கு நாள் பிரிவோம்.
நான் நத்தைத் தெரு. அவன் ஆமைத் தெரு.
நடுவில் ஒரு சந்து, ஒரு ரொட்டிக்கடை,
யாருக்கும் தொடக்கம் நினைவில்லாத பகை.

வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள்:
ஓடுவது குதிரை,
கொடியில் நத்தையும் ஆமையுமா?

எங்கள் கல்யாண விருந்தில்
என் மாமா எழுந்து
'ஆமை புகுந்த வீடு' என்று ஆரம்பித்தார்.
மீதியை ஒயினோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

இந்த முறை சீட்டில் அவர்களுக்கு விழுந்தது
தெம்பெஸ்தா, எண்ணெய் பூசியதுபோல் கறுப்பு.
எங்களுக்கு ஸைரா.
பின்னங்கால் கொஞ்சம் கோணல்.
தேவாலயத்துக்குள் கூட்டிப்போனோம்.
'போ, வென்று வா' என்று பாதிரியார் சொல்லி முடிக்குமுன்
பலிபீடத்துப் படியருகே சாணி போட்டது.
அதிர்ஷ்டம்! ஒருவரும் துடைக்கவில்லை.
கண்ணில் ஒற்றிக்கொள்ளாததுதான் பாக்கி.

எட்டு மாத வயிற்றோடு திடலுக்குப் போகாதே என்றார்கள்.
ஒர்நெல்லா வீட்டு மாடிக்குப் போனேன்.
அந்த ஜன்னலில் திடல்
ஒரு முழ அகலம்தான் தெரியும்.
வேட்டுச் சத்தம்.
முதல் சுற்று: கறுப்பு முன்னால், நாங்கள் நாலாவது.
இரண்டாவது சுற்று: ஸைரா மட்டும் வருகிறது,
முதுகில் ஆள் இல்லை.
ஆளில்லாக் குதிரையும் ஜெயிக்கலாம், அது சட்டம்.
மூச்சு விட மறந்தேன்.
உள்ளேயிருந்து ஓர் உதை,
யார் பக்கம் என்று தெரியவில்லை.
மூன்றாவது சுற்றில்
ஒரு முழத்துக்குள் வெறும் புழுதி.

கம்பளிப்பூச்சித் தெரு ஜெயித்தது.
ஆமைக்கு இரண்டாமிடம்.
இங்கே இரண்டாமிடம்தான் தோல்வி,
கடைசியில் வந்தவனை யார் கணக்கில் வைக்கிறார்கள்?
எங்கள் தெரு விடியவிடியப் பாடியது.
நானும் பாடினேன்.
ஃபோஸ்கோ அழுதால்
மூக்கு மட்டும் சிவக்கும்,
அது நினைவுக்கு வந்த இடத்தில்
ஓர் அடியை விட்டுவிட்டேன்.

மறுநாள் மெத்தையைப் புரட்டும்போது
அடியில் ஒரு சிறு துணிப்பை.
மண்.
ஆமைத் தெரு மண்.
பிள்ளை எங்கே பிறந்தாலும்
தன் மண்மேல் பிறக்கட்டும் என்று வைத்திருக்கிறான்,
திருடன்.
நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும் என்பார்கள்.
அந்த முத்துக்கு
எந்தத் தெரு ஊற்றில் தண்ணீர் தெளிப்பது என்று
ஒருவரும் சொல்லிவைக்கவில்லை.

பையை அவிழ்த்து
ஜன்னலோரத் தொட்டியில் கொட்டினேன்.
திருநீற்றுப்பச்சை அதில் வாடிக் கிடந்தது.

அன்று மாலையே திரும்பி வந்தான். மூக்கு சிவப்பாய்.
பந்தயம் பற்றி அவனும் பேசவில்லை,
நானும் கேட்கவில்லை.

செப்டம்பரில் ஒருநாள்
சூப்பில் கிள்ளிப் போட்ட இலையை மென்றபடி
'நல்ல மணம்' என்றான்.

'மண் வாகு' என்றேன்.