நாற்பத்தைந்து லட்சத்தில் ஒன்று

நிலாவெளி உப்பளத்தில் கரண்ட் போய் இரண்டு மணித்தியாலம்.
லொறி இன்னும் இறக்கக்கண்டிப் பாலம் தாண்டவில்லை.
சாக்கூசியின் நுனி ஈரத்தில் ஓர் உப்புக்கல்லை ஒட்டி
கையை நீட்டிப் பிடித்தார் காவலுக்கிருக்கும் சறூக் காக்கா.
"இது எத்தன வெள்ளிய மறைக்கும் தங்கச்சி?"

நிறைச்சிட்டைத் திருப்பி அதன் முதுகில் எழுதினேன்.
கல்லின் முகம் ஒரு மில்லிமீற்றர், சதுரம்.
கை அறுபது சென்ரிமீற்றர்.
அந்தக் கை சுழன்றால் உண்டாகும் உருண்டையில்,
காலுக்குக் கீழே கிடக்கும் பாதி வானத்தையும் சேர்த்து,
நாற்பத்தைந்து லட்சம் கல் ஒட்டலாம்.

கண்ணுக்குத் தெரிபவை ஆறாயிரம் என்றால்
ஒரு கல்லுக்கு
ஒரு வெள்ளியின் எழுநூற்றைம்பதில் ஒரு பங்கு.

"அப்ப ஒண்டுமில்ல எண்டு சொல்லுங்க."

பொறுங்க காக்கா.
தெரியாததையும் கூட்டுவோம்.
பால்வீதிக்குப் பத்தாயிரம் கோடி வைத்தால்
இந்தக் கல்லின் பின்னால் இருபத்திரண்டாயிரம்.
அது எங்கும் ஒரே சீராக இல்லைதான்:
களப்புக்கு மேல் தடிப்பு,
கடல்பக்கம் கிட்டத்தட்ட வெறுமை.
மூட்டை நிறுக்கையிலும்
ஈரத்துக்கென்று கொஞ்சம் கழிக்கிறோமே.

"இருபத்திரண்டாயிரமா!
கிண்ணியாவில அவ்வளவு வீடு இருக்குமா?"
எனக்குத் தெரியாது.

ஒற்றைக் கண்ணை மூடி
தெற்கே அகத்தியர் வெள்ளிமேல் கல்லைக் கொண்டுபோனார்.
மூச்சைப் பிடித்தார். கை ஆடியது. மறுபடியும் பிடித்தார்.
"மறையுதில்லயே தங்கச்சி."

ஊசியை வாங்கி நானும் பார்த்தேன்.
மறையவில்லை.

இருட்டில் இவ்வளவு நேரம் இருந்த கண்பாவை
ஆறு மில்லிமீற்றர் திறந்து கிடக்கிறது.
அந்த அகலம் முழுக்க வருகிறது வெள்ளியின் வெளிச்சம்.
கல் தடுப்பது இருபத்தெட்டில் ஒரு பங்கு,
மிச்சமெல்லாம் கல்லின் பக்கத்தால் வந்து
கண்ணுக்குள் விழுகிறது.
நான் கணக்குப் போட்டது
ஊசித்துளை அளவு கண் உள்ள யாருக்கோ.

சிட்டில் எதையும் வெட்டவில்லை.
இருபத்திரண்டாயிரத்துக்குப் பக்கத்தில்
"மறையாதவை" என்று எழுதினேன்.

காக்கா ஊசியை நக்கினார்.
"உப்புத்தான்" என்றார்.

அப்போது உப்புவெளிப் பக்கம்
ஹோட்டல் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாய் வந்தன.
அகத்தியர் வெளிறினார்.
வளைவில் லொறி திரும்பி
இரண்டு விளக்கையும் எங்கள் முகத்தில் அடித்தது.
தெற்கே ஒன்றுமில்லை.

எத்தனை என்று யாரும் கேட்கவில்லை.
மூட்டை முந்நூறு.
சிட்டை நேராகத் திருப்பினேன்.