சவ்தா

கச்சான் மூன்று நாளாக நிற்கவில்லை.
கீழக்கரை யூனானி மருந்தகத்துக் கண்ணாடிக் கதவில்
மணலும் உப்பும். பத்தாவது டோக்கன்:
சீனி நைனா, கப்பல் எலெக்ட்ரீஷியன், வயது நாற்பத்தொன்று.
தூக்கமில்லை. விடுப்பில் வந்து ஏழு வாரம்.

"பசி எப்படி, மலம்?" என்றேன்.
போனை எடுத்து மேசையில் வைத்தார்.
"இதை ஒருதரம் கேளுங்க டாக்டர்."

கூட வேலை பார்த்த பொஸ்னியாக்காரன் கொடுத்ததாம்.
செனாத் என்று பேர். அவன் நாட்டுக்குக்
கடல் ஒரு சன்னல் அகலம்தான்,
மீதியெல்லாம் மலையும் ஆறும்.
பிறகு ஏன் கப்பலுக்கு வந்தான் என்று நான் கேட்கவில்லை.
இந்த ஊரில் அதை யார் கேட்பார்கள்.

ஒரே பாட்டு, இரண்டு விதம்.
முதலில் ஒருத்தி, துருத்திப் பெட்டியோடு.
வாசல்வரை வந்தவனை உள்ளே கூப்பிடாதவளின் கதை.
ஓர் அசையை இழுக்கிறாள், இழுக்கிறாள்,
மடி கரையேறும்வரை கயிற்றை விடாத
கரைவலைக்காரர்கள் மாதிரி.
விட்ட இடத்தில் மூச்சு கேட்கிறது.

இந்த வகைக்குப் பேர் உண்டா என்றேன்.
"செவ்தா. துருக்கிக்காரன் விட்டுப்போன சொல்லாம்.
காதல், ஏக்கம், ரெண்டுக்கும் அதே."

சிரித்துவிட்டேன். என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில்
அதே சொல் அரபு எழுத்தில் இருக்கிறது:
சவ்தா. கரும்பித்தம். நான்கு நீர்களில் நான்காவது.
நாங்கள் அதை இறக்க மருந்து கொடுக்கிறோம்.
அவர்கள் மெட்டுப் போட்டிருக்கிறார்கள்.

மணிக்கட்டைப் பிடித்தேன். எறும்பு நடை.
அடுத்தது ஓடட்டும் என்றேன்.

இது புதுசு. ஓர் இளைஞன் பாடுகிறான்,
அந்தப் பெண்ணின் வரிகளையே, பெண்பாலை மாற்றாமல்.
துருத்தி இல்லை. அடியில்
கம்ப்யூட்டரில் செய்த ஒரு முனகல்,
ஒரே சுருதியில், கடைசிவரை.
கெடுத்துவிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

விரல்களுக்குக் கீழே நாடி அகன்றிருந்தது.
நைனா உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

பதினொன்றாவது டோக்கனைக் காத்திருக்கச் சொல்லி,
மின்விசிறியை நிறுத்திக் கேட்டேன் அந்த முனகலை.
ஜெனரேட்டர்.
பதினெட்டு வருடம் இவர் படுக்கைக்கு அடியில் ஓடியது.
வீட்டில் மனைவியின் மூச்சு இருக்கிறது,
பள்ளிவாசல் பாங்கு இருக்கிறது, அலை இருக்கிறது.
அலை போதவில்லை.

கேஸ் ஷீட்டில் சவ்தா என்று எழுதினேன்.
அடித்தேன். திரும்ப எழுதினேன்.
குல்கந்து, இரவில் பாலோடு.
இரண்டாவது பாட்டு, சத்தம் குறைத்து.

எழுப்பியதும் ஃபீஸ் கொடுக்க மறந்து போய்விட்டார்.

இரவு பத்தரைக்குக் கரண்ட் போனது.
மருந்தகத்தில் சர்பத் வைத்த ஃபிரிட்ஜ் நின்றது.
பின்னறையில்தான் என் கட்டில்.
அது இத்தனை வருடம் ஓடிக்கொண்டிருந்ததே
எனக்குத் தெரியாது.
கதவில் மணல் உரசியது, யாரோ வாசல்வரை வந்த மாதிரி.
எழுந்து உட்கார்ந்தேன்.