வந்தால் மலை

மாங்கனீசு தோண்டும் ஜார்ஜியப் பள்ளத்தாக்கில்
சியாலா தொங்குவண்டி ஓட்டுகிறாள், இருபத்தொரு வருடமாய்.
ஒரு பெட்டி ஏறினால் ஒரு பெட்டி இறங்கும்.
நடுவானில் இரண்டும் உரசாமல் கடக்கையில்
எதிர்ப்பெட்டிக்குக் கையசைப்பது அவள் வழக்கம்,
அதில் யாரும் இல்லாவிட்டாலும்.

முழங்கால் அறுவைக்கு முன்
பதினைந்து கிலோ குறைத்து வா என்றார்கள்.
பிப்ரவரியில் வாயைக் கட்டினாள்.
மேல் நிலையத்து ஓத்தாரியின் பிறந்தநாளில்
பாலாடைக்கட்டி உருகி வழிந்த ரொட்டியை
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள்,
கண்காட்சியில் பார்ப்பதுபோல.
இரண்டு முள்ளங்கி, ஒரு முட்டை, கொத்தமல்லி.
ராத்திரி தண்ணீர். பிறகும் தண்ணீர்.

மே மாதம் தராசு இணங்கி வந்தது.
சீருடைப் பாவாடைக்கு ஊக்கு குத்தினாள்.
அதே வாரம்
குளியலறைச் சல்லடையில் தண்ணீர் நின்றது.

விரலை விட்டு இழுத்தாள்.
வந்தது. வந்துகொண்டே இருந்தது,
ஈரமாய், ஏதோ பிராணியின் வால்போல.

தலையணை, சீப்பு, சூப், கோட்டின் காலர்,
டிக்கெட் வாங்கிய ஒரு பையனின் உள்ளங்கை.
"அத்தை, உங்க முடி" என்று திருப்பிக் கொடுத்தான்.
நன்றி சொல்லி வாங்கி
சில்லறைப் பையில் போட்டாள். வேறென்ன செய்ய?

டாக்டர் மக்வாலா சொன்னாள்:
இது இன்று உதிர்ந்த முடி இல்லை.
பிப்ரவரியில் நீங்கள் பசித்திருந்தபோதே
உடம்பு கணக்குப் பார்த்துவிட்டது.
இதயத்துக்கு இவ்வளவு, மூச்சுக்கு இவ்வளவு,
கூந்தலுக்குப் பிறகு பார்க்கலாம்.
வேலை போன முடிகள்
மூன்று மாதம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு
இப்போதுதான் எழுந்து போகின்றன.
கொஞ்சம் இறைச்சி, பீன்ஸ் சாப்பிடுங்கள்.
திரும்பி வரும்.

கீழ்ச்சுரங்கம் மூடியபோது ஆட்கள் போனதும்
இப்படித்தான், மூன்று மாதம் கழித்து.
அவர்களும் திரும்பி வருவார்கள் என்று
யாரோ சொல்லியிருந்தார்கள்.

மயிரைக் கட்டி மலையை இழு,
வந்தால் மலை, போனால் மயிர் என்பார்கள்.
சொன்னவன் தலையில் எத்தனை இருந்ததோ.
கம்பியில் தொங்கி மலைக்கு இழுபடுகிறவளுக்கு
அந்தக் கணக்கு பிடிபடவில்லை.
மயிர் போய்க்கொண்டிருக்கிறது.
மலைக்கு அக்டோபரில் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

செப்டம்பரில், நடுவானில், ஜன்னல் கண்ணாடியில்
நெற்றியோரம் குட்டையாய் ஏதோ நிற்கிறது.
எச்சில் தொட்டுப் படியவைக்கிறாள். எழுகிறது.
மறுபடி அழுத்துகிறாள்.
மறுபடி எழுகிறது, எருமைக் கன்றுபோல் பிடிவாதமாய்.
மூட்டை சுமந்த பெண்ணொருத்தி வாய் பார்க்கிறாள்.

எதிர்ப்பெட்டி எப்போதோ கடந்துபோயிருந்தது.
கையசைக்க மறந்துபோனாள்.